பதினைந்தாவது ஆயுள் உறுப்பினர்

மர்ஸூக்குக்குப் பொய் சொல்ல வராது என்று கற்பிட்டிக் கடைத்தெருவில் ஒரு பெயர் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கண்ணைச் சோதித்துவிட்டு, "உங்களுக்குக் கண்ணாடி தேவல்ல, நல்ல நித்திரைதான் தேவை" என்று வந்த வாடிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படித் திரும்பிப் போனவர்களே நாலு பேரிடம் சொல்லி அவருடைய கடைக்கு ஆள் சேர்த்தார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் திரேசா ஒருநாள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவர் சொன்ன பதிலையும் அப்படியே நம்பினாள்.

வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியபோது மர்ஸூக்குக்குப் பத்தொன்பது வயது. கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் ஏழு வருடம் இருந்தார். றைஸாவைக் கைப்பிடித்ததும் அங்கேதான். புத்தளம் டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழிலைப் படித்து, கற்பிட்டியில் சொந்தக் கடை போடும்போது முப்பது தாண்டிவிட்டது.

யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தில் மாம்புரியில் தென்னந்தோட்டம் வைத்திருந்த தாஹிர் ஹாஜியார் ஒரு வேலை செய்தார். பழைய கொப்பறா ஸ்டோரைத் துப்புரவாக்கி, பத்து மீற்றர் தூரத்தில் பலகை நட்டு, குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். மூன்று காற்றுத் துவக்கு, ஒரு டப்பா ஈயச் சன்னம், அவ்வளவுதான் முதல். துவக்கு என்ற சொல்லுக்கு முப்பது வருடமாக ஒரே அர்த்தம் இருந்த நாட்டில் இது என்ன விளையாட்டு என்று ஊர் முகம் சுளித்தது. ஹாஜியாருக்குக் கண்ணாடி கொடுக்கப் போன மர்ஸூக் ஒரு தரம் சுட்டுப் பார்த்தார். மூச்சைப் பிடித்து, நெஞ்சின் இரண்டு அடிப்புகளுக்கு நடுவே விரலை மெல்ல அழுத்தும் அந்தக் கணம் அவரைப் பிடித்துக்கொண்டது. வாழ்க்கையில் அவ்வளவு அமைதியாக அவர் எங்கேயும் நின்றதில்லை. அடுத்த வருடம் சங்கத்தின் செயலாளர் அவர்தான். சங்கத்தின் சட்டங்களை எழுதியதும் அவர்தான்.

பஸ்தியானை அவருக்குக் கடையில்தான் பழக்கம். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். கடைசிச் சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முகாமில் கிடந்து, மனைவி திரேசாவோடும் மகள் லக்சனாவோடும் கண்டக்குழிக்கு வந்து சேர்ந்திருந்தான். வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது தொழில். சின்ன ஆணிகள் மங்கலாகத் தெரிகின்றன என்று கண்ணாடி போட வந்தான். பரிசோதனைக் கதிரையில் அவன் உட்கார்ந்திருந்த விதத்தை மர்ஸூக் கவனித்தார். கை மடியில் கல் மாதிரிக் கிடந்தது.

"ஒரு நாளைக்கு மாம்புரிக்கு வந்து பாரும்," என்றார்.

"வேண்டாம் நானா," என்றான் அவன், அண்ணன் என்று மரியாதைக்கு அழைப்பதுபோல. " துவக்குப் பாத்தது காணும், இனிப் போதும்."

ஆனால் சங்கத்துத் துவக்கு ஒன்றின் சுருள்வில்லு உடைந்தபோது திருத்திக் கொடுக்க வந்தான். திருத்தியது சரியா என்று பார்க்க ஐந்து தரம் சுட்டான். கடதாசியில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது, ஓரம் கொஞ்சம் பிய்ந்த மாதிரி. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மர்ஸூக்கின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிவிடுவான். சுடும்போது அவனுக்கு முல்லைத்தீவு நினைவு வருவதில்லையாம். அது ஒன்றுதான் அப்படி என்று ஒரு தரம் சொன்னான்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு முடிவில் சங்கத்துக்குப் புதுத் துவக்குகள் வாங்க வேண்டி வந்தது. ஆயுட்கால உறுப்பினர் திட்டம் என்று மர்ஸூக்கே ஒரு யோசனை சொன்னார். வருடச் சந்தா மூவாயிரம். ஒரே தரத்தில் முப்பத்தையாயிரம் கட்டினால் சாகும்வரை உறுப்பினர். மார்கழி முப்பத்தொன்றுக்குள் பதினைந்து பேர் சேர்ந்தால் துவக்குகள் வாங்கலாம். பதினைந்து பேரைச் சேர்த்துக் கொடுக்கும் ஆளுக்கு ஆயுள் உறுப்புரிமை இலவசம், உப தலைவர் பதவியும் உண்டு என்று தாஹிர் ஹாஜியார் கூட்டத்தில் அறிவித்தார். கிறிஸ்மஸ் வரும்போது மர்ஸூக் பதினான்கு பேரைச் சேர்த்துவிட்டார். பதினைந்தாவது ஆள் கிடைக்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் கண்டக்குழிக்குப் போனார். கடற்கரையில் பூவரச மரத்தின் கீழே பஸ்தியான் ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். மர்ஸூக்கின் சட்டைப் பையில் விண்ணப்பப் படிவம் மடித்து இருந்தது.

அவர் வாய் திறக்கும் முன் பஸ்தியானே தொடங்கினான். "நானா, உங்களிட்ட ஒரு கதை சொல்லோணும். எஞ்சின் தூக்கிக்கொண்டு மணலுக்குள்ள நடக்கேக்க நெஞ்சு இறுக்குது. இடக் கையும் விறைக்குது. டொக்டர் கொழும்பில போய் அஞ்சியோகிராம் செய்யச் சொன்னவர். அரசாங்க ஆஸ்பத்திரியெண்டா கனநாள் நிக்கோணும். அதான் பிரைவேட்டில முப்பதாந் திகதிக்குப் பதிஞ்சிட்டன். காசும் சேத்து வச்சிருக்கிறன்."

"திரேசாக்குத் தெரியுமா?"

"சோதனைக்குப் போறன் எண்டு தெரியும். டொக்டர் கொஞ்சம் யோசிச்சுக் கதைச்சது தெரியாது. சும்மா பாக்கத்தான் எண்டு சொல்லி வச்சிருக்கிறன்."

அப்போது மர்ஸூக் எழும்பி வந்திருக்கலாம். படிவம் பைக்குள்ளேயே இருந்திருக்கும். பிறகு எத்தனையோ தரம் அந்த இடத்துக்கே அவர் மனம் போய் நின்றது. பூவரச நிழல், எண்ணெய் மணம், மணலில் விரித்திருந்த சாக்கு, அதன் மேல் வரிசையாக ஆணிகள். எழும்பி வந்திருக்கலாம்.

"இந்த டொக்டர்மார் தலையிடிக்கும் சோதனை எண்டுதான் சொல்லுவாங்க," என்றார் அவர். "எனக்கும் போன வருசம் நெஞ்சுக்குள்ள இறுக்கினதுதான். வெறும் வாயு. ரெண்டு பல்லு உள்ளியச் சுட்டுத் திண்டன், போயிட்டுது."

பஸ்தியான் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு ஆறுதல் இருந்ததை மர்ஸூக் கண்டார். யாராவது இப்படிச் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி இருந்தான். அவர் படிவத்தை எடுத்தார்.

"சோதனைய தையிலயும் செய்யலாம், மாசியிலயும் செய்யலாம். இது முப்பத்தொண்டோட முடியுது. அடுத்த வருசம் அம்பதாயிரம் ஆக்குறாங்க."

"அதுக்கு எனக்கென்னத்துக்கு ஆயுட்காலம்? வருசா வருசம் கட்டுறன்தானே."

"கணக்குப் பாரும். பன்னிரண்டு வருசம் சுட்டாக் காசு வந்திடும். அதுக்குப் பிறகு சுடுறதெல்லாம் லாபம். உமக்கு இப்ப நாப்பத்தாறு. பன்னிரண்டு வருசம் இருக்கமாட்டீரா?"

"இருப்பன்தானே," என்றான் பஸ்தியான். ஆனாலும் பேனையை வாங்கவில்லை.

அப்போதுதான் மர்ஸூக் அந்த வார்த்தையைச் சொன்னார். எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதே இடத்தில் அவருக்கும் வலித்திருக்கிறது.

"உம்மட அலுமாரியில எத்தின கடதாசி இருக்கு? முகாம் அட்டை, பதிவு அட்டை, பொலிசில குடுத்த துண்டு. எல்லாத்திலயும் என்ன எழுதிக் கிடக்கு? தற்காலிகம். என்டதிலயும் அதுதான் இருந்திச்சு, இருவது வருசமா. இதுல மட்டுந்தான் உம்மட படத்துக்குக் கீழ ஆயுட்காலம் எண்டு எழுதியிருக்கும்."

பஸ்தியான் எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கினான்.

சோதனைக்குச் சேர்த்த காசையே சங்கத்துக்குக் கட்டுவதாக முடிவானது. கொழும்புக்குப் போகவில்லை என்று திரேசாவிடம் சொன்னால் சண்டை வரும் என்றான் பஸ்தியான். "முப்பதாந் திகதி நீங்களும் என்னோட வாங்கோ நானா. கொழும்புக்குப் போறம் எண்டு சொல்லுவம். கேட்டா நீங்களும் ஒண்டுமில்லையாம் எண்டு சொல்லுங்கோ. தையில நான் உண்மையாப் போறன்." மர்ஸூக் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கட்டடிக்கிற பொடியன்கள் மாதிரி இருவருக்கும் ஒரு கொண்டாட்டம்.

முப்பதாந் திகதி விடியற்காலையில், முதல் கொழும்பு பஸ்ஸில் ஏறினார்கள். திரேசா வாசலில் நின்று இருவருக்கும் பாண் பார்சல் கட்டிக் கொடுத்தாள். மாம்புரியில் இறங்கிக்கொண்டார்கள். கொழும்புக்குப் போய்வரும் நேரத்தைக் கழிக்க வேண்டுமே, பொழுது சாயும்வரை ஸ்டோரிலேயே இருந்தார்கள். பணம் கட்டி, படம் ஒட்டி, அட்டை வாங்கியாகிவிட்டது. பஸ்தியான் பதினைந்தாவது ஆயுள் உறுப்பினர். மர்ஸூக் பதினாறு. மத்தியானத்துக்குப் பிறகு பஸ்தியான் சுட்டான். பத்துக் குண்டில், நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. சங்கத்தில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அந்த நாள் முழுவதும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பிற்காலத்தில் மர்ஸூக்கை மிகவும் படுத்தியது இதுதான். அது நல்ல நாள். அவனோடு கழித்த நாட்களிலேயே நல்ல நாள்.

பின்னேரம் வீட்டுக்குள் நுழைந்ததும் திரேசா கணவனைக் கேட்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டு மர்ஸூக்கைத்தான் கேட்டாள்.

"நானா, டொக்டர் என்ன சொன்னவர்? இவர் எனக்கு மறைப்பார். நீங்க சொல்லுங்கோ."

"ஒண்டுமில்லையாம் தங்கச்சி. இதயம் நல்லா இருக்காம்."

திரேசா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "நீங்க கூடப் போனதால எனக்கு நிம்மதி," என்றாள். மர்ஸூக் தேநீரை மளமளவென்று குடித்துவிட்டுக் கிளம்பினார்.

தை போயிற்று, மாசி போயிற்று. பஸ்தியான் அடுத்த மாதம் என்றான். மர்ஸூக் ஒரு தரம் ஞாபகப்படுத்தினார். பிறகு விட்டுவிட்டார். வைகாசியில் குருநாகலில் போட்டி ஒன்று இருந்தது. பஸ்தியான் போனால் பரிசு நிச்சயம். அவனை இப்போது ஆஸ்பத்திரியில் படுக்கப் போட அவருக்கு மனமில்லை. இதை அந்த நாட்களில் அவர் தனக்குள்ளேகூட இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொண்டதில்லை.

சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில், பூவரச மரத்தின் கீழே, கையில் எஞ்சின் திருத்தும் சாவியோடு பஸ்தியான் சரிந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பஸ்தியானுக்கு நல்ல படம் வேறு இருக்கவில்லை. மரண அறிவித்தலுக்கு லக்சனா அந்த உறுப்பினர் அட்டையின் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தாள். கண்டக்குழிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரை லைட் கம்பங்களில் அந்த முகம் ஒட்டியிருந்தது. மர்ஸூக் படம் பிடிப்பித்துக் கொடுத்த முகம். கடைக்கு எதிரே இருந்த கம்பத்திலும் ஒன்று. ஒரு மாதமாக அவர் கடையின் முன் கதவை அரைவாசிதான் திறந்தார்.

சேமக்காலையில் அடக்கம் முடிந்து திரும்பும்போது திரேசா எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். "இந்த நானாதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர். எங்கட ஆக்கள்கூட இப்பிடிச் செய்ய மாட்டினம்."

முப்பத்தோராம் நாள் பூசைக்கு மர்ஸூக்கும் றைஸாவும் போனார்கள். சாப்பாடு முடிந்ததும் திரேசா அவரைத் தனியே கூப்பிட்டாள். லக்சனாவும் ஒரு கொப்பியோடு வந்து நின்றாள்.

"நானா, நாலு மாசத்துக்கு முன்னம் ஒண்டுமில்லை எண்டு சொன்னவங்கள். இப்பிடிச் சொன்ன டொக்டர ஏன் சும்மா விடோணும்? நாங்க முறைப்பாடு குடுக்கப் போறம். இவள் கடிதம் எழுதியிட்டாள். ஆஸ்பத்திரிக் கடதாசி ஒண்டையும் அவர் வைக்கேல்லை. எந்த டொக்டர் எண்டு நீங்கதான் சொல்லோணும். சாட்சியும் நீங்கதான்."

"திங்கக்கிழமை கொழும்புக்குப் போறம் அங்கிள்," என்றாள் லக்சனா. "நீங்களும் வாறீங்கதானே?"

"யோசிச்சுச் சொல்லுறன் மகள்," என்று மட்டும் மர்ஸூக்கால் சொல்ல முடிந்தது.

வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த டொக்டர் யார் என்றே அவருக்குத் தெரியாது. பஸ்தியானை ஒருபோதும் பார்த்திராத ஒரு மனிதர். அவர் மீது இப்போது ஒரு மரணம் விழப்போகிறது. தான் வாயால் உண்டாக்கிய ஒரு டொக்டர், தான் வாயால் உண்டாக்கிய ஒரு சோதனை. திரேசா அதைத் தேடிக்கொண்டு கொழும்பு வரை போய், பதிவுப் புத்தகத்தில் பெயரில்லை என்று அவர்கள் சொல்வதை வாசலில் நின்று கேட்கப்போகிறாள்.

சனிக்கிழமை ளுஹர் தொழுதுவிட்டு எழும்பாமல் முசல்லா விரிப்பிலேயே இருந்த கணவனைப் பார்த்து றைஸா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இஞ்ச பாருங்க. என்ன நடந்த? மௌத்தான வீட்டால வந்ததிலயிருந்து நீங்க ஒரு மாதிரி."

அவர் சொன்னார். படிவத்தைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, தேத்தண்ணிக் கோப்பையைப் பற்றி. ஒன்றும் விடவில்லை. றைஸா முழுவதையும் கேட்டு முடித்தாள்.

"திரேசாட முகத்தப் பாத்தா சொன்னீங்க, ஒண்டுமில்ல எண்டு?"

"ஓம்."

"உப தலைவராகுறதுக்கு."

அவள் எழும்பி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "எழும்புங்க. இண்டைக்கே போவம். நானும் வாறன். திங்கக்கிழம வரைக்கும் அந்தப் புள்ளைகள அலைய விடக்கூடாது."

திரேசா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் லக்சனா இரண்டு கதிரைகள் கொண்டுவந்து போட்டாள். மர்ஸூக் உட்காரவில்லை.

"தங்கச்சி, கொழும்புக்குப் போகாதீங்க. நாங்க அண்டைக்குக் கொழும்புக்குப் போகல்ல."

திரேசாவுக்கு விளங்கவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். மாம்புரியில் இறங்கியதைச் சொன்னார். சோதனைக்கு வைத்திருந்த காசு எங்கே போனது என்று சொன்னார். டொக்டர் யோசித்துக் கதைத்தார் என்று பஸ்தியான் சொன்னதையும், வாயு என்று தான் சொன்னதையும் சொன்னார். உள்ளி சுட்டுத் தின்ற கதையையும் விடவில்லை.

திரேசா கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீர் முடிந்து நேரமாகிவிட்டது.

"எனக்குப் பொய் சொல்லுவம் எண்டது ஆற்ர யோசினை?" என்று கேட்டாள்.

மர்ஸூக் திகைத்துப்போனார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. என்னுடையது என்று சொல்லிவிட்டால் இறந்தவனின் பெயர் மிஞ்சும். ஆனால் அது இன்னொரு பொய். இந்த வாசலில் நின்று இன்னொரு பொய்யா? றைஸாவைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்தியான்ட யோசினை. நான் ஓமெண்டன்."

திரேசாவின் முகம் சுருங்கிப் போயிற்று. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

"அதையெண்டாலும் நீங்க சொல்லாம விட்டிருக்கலாம் நானா," என்றாள். "அவர் எனக்குப் பொய் சொன்னதேயில்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

லக்சனா தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போங்கோ அங்கிள்," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். திரும்பி வரும் வழியில் றைஸாவிடம், சொன்னது சரியா பிழையா என்று கேட்க வாயெடுத்தும் அவர் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் பஸ்தியானின் பணத்தைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மர்ஸூக் கேட்டார். நடந்ததையும் மறைக்காமல் சொன்னார். தாஹிர் ஹாஜியார் சட்டக் கொப்பியைப் புரட்டினார்.

"எந்தக் காரணத்துக்கும் திருப்பிக் குடுக்கப்படாது எண்டு கிடக்குதே."

"அப்படியெண்டா நான் விலகுறன்."

"செயலாளர் வேலையில இருந்து விலகலாம். உப தலைவர் பதவியையும் விடலாம். ஆனா ஆயுள் உறுப்பினர் விலகுறதப் பத்தி இதுல ஒரு வரியும் இல்லையே. நீங்க எழுதின சட்டந்தானே மர்ஸூக்." ஹாஜியார் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

பதவிகளை விட்டார். பெயர் மட்டும் பலகையில் பஸ்தியானின் பெயருக்குக் கீழே அப்படியே கிடந்தது. முப்பத்தையாயிரத்தையும் தன் கைக்காசிலிருந்து எடுத்துக்கொண்டு கண்டக்குழிக்குப் போனார். திரேசா வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி லக்சனாவிடம் கொடுத்து, "உன்ர படிப்புக்குப் போடு," என்றாள். அவரை இருக்கச் சொல்லவும் இல்லை. அவள் காசை வீசியெறிந்திருந்தால் மர்ஸூக்குக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அன்று கொழும்புக்குப் போயிருந்தால் பஸ்தியான் பிழைத்திருப்பானா என்று பிறகொருநாள் ஒரு டொக்டரிடம் கேட்டார். பிழைத்தும் இருக்கலாம், பிழைக்காமலும் இருக்கலாம் என்றார் டொக்டர்.

எட்டு மாதம் அவர் துவக்கைத் தொடவில்லை. ஒன்பதாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ சாமான் வாங்கப் போகிறவர் மாதிரி மாம்புரிக்குப் போனார். மூச்சைப் பிடித்து நின்றார். அந்த அமைதி அங்கேயே இருந்தது, அவருக்காகக் காத்திருந்த மாதிரி. சுட்டு முடித்து வெளியே வந்து தென்னை மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்று அழுதார். அடுத்த ஞாயிறும் போனார். ஆயுட்கால உறுப்புரிமை பிரயோசனமா என்று புது ஆட்கள் யாராவது கேட்டால், "ஹாஜியாரக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் திரேசா கடைக்கு வந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். கற்பிட்டியில் வேறு கண்ணாடிக் கடை இல்லை. மர்ஸூக் கதிரையைக் காட்டினார். வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். இப்ப எப்பிடி, இப்ப எப்பிடி என்று கேட்டார். அவள் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். லக்சனா தாதியர் பயிற்சிக்கு எடுபட்டிருக்கிறாள் என்று இடையில் சொன்னாள்.

எல்லாம் முடிந்து எழும்பும்போது கேட்டாள். "இப்பவும் அங்க சுடப் போறனீங்களோ?"

இல்லை என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது. அவள் அதை நம்பியும் இருப்பாள்.

"ஓம் தங்கச்சி. போறன்."

அவள் பணப்பையைத் திறந்து முன்பணம் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொல்லி, துண்டில் அவளுடைய பெயரை எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கண்ணாடியை வாங்க திரேசா வரவில்லை, லக்சனாதான் வந்தாள்.